அக்கா உக்காந்தாச்சா?

பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் யாரிடம் கேட்டாலும் சோபாக்கா கடைக்கு வழி சொல்லிவிடுவார்கள். பழைய சோபாவைப் பிரித்துப் புதுசாக்கிக் கொடுக்கும் பட்டறை. நீளமான ஒரே ஹால். கோடியில் மரவேலைக்காரர் சட்டத்தை இறுக்கி ஆணி அடிப்பார். அவருக்கு அடுத்து ஸ்பாஞ்ச் வெட்டுகிறவர். அதற்கும் அடுத்து, ரெக்சின் குவியலுக்குள் பாதி புதைந்தபடி தையல்காரி. ஷட்டரை ஒட்டிய இடம் அக்காவுடையது. அங்கே மேஜையும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. அன்றைக்கு எந்த சோபா தயாரோ, அதுதான் அவள் ஆபீஸ்.

அக்கா உட்கார்ந்து பார்க்காமல் ஒரு சோபாவும் கடையை விட்டு இறங்காது. கல்யாணமான புதிதில் வீட்டு சோபாவைத் தானே பிரித்துத் தைத்து, பெருமையாக மாமியாரை உட்காரச் சொன்னாள். ஒரு ஆணி நிமிர்ந்து நின்றிருந்தது. மாமியார் எழுந்த வேகத்தில் பிறந்த சட்டம் இது.

பட்டும் படாமலும் உட்காருகிற வேலையும் இல்லை. முதலில் நடுவில் பொத்தென்று விழுவாள். அப்புறம் இரண்டு ஓரமும். அப்புறம் சாய்ந்து, காலை நீட்டி, ஸ்பிரிங் ஏதாவது பேசுகிறதா என்று கேட்கக் கண்ணை மூடுவாள். ஸ்பிரிங்குக்கு நிறையப் பேச்சு இருக்கும் போல. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம்கூட ஆகும். நடுவே குறட்டைச் சத்தம் வரும். அதுவும் ஸ்பிரிங்குடையதுதான் என்று கடையில் எல்லோரும் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

வேன் ஓட்டுவது அக்காவின் வீட்டுக்காரர். கனத்த உடம்பு, லேசான மனசு. ஷட்டருக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அவ்வப்போது உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா உக்காந்தாச்சா?" என்று கேட்பார். கடையில் எல்லோருக்கும் அவள் அக்கா என்பதால் அவருக்கும் அப்படியே ஆகிவிட்டது. இன்னும் இல்லை என்று பதில் வந்தால் எதிர்க்கடைக்குப் போய் ஒரு டீ. அவர் குடித்த டீயைக் கொண்டே கடை எப்படிப் போகிறது என்று சொல்லிவிடலாம்.

அந்த மாதம் டீ அதிகமாகிவிட்டது. லாட்ஜ் மேனேஜர் நேரில் வந்து கத்தினார்.

"ரெண்டு தடவை தேதி சொல்லி ஏமாத்திட்டீங்க. வர்றவங்க எல்லாம் வரவேற்பறையில பெட்டி மேல உக்காந்திருக்காங்க. சனிக்கிழமை காலையில மிச்ச சோபா வந்தாகணும். இல்லேன்னா மாடி ரூம் வேலை எல்லாம் வேற ஆளுக்குத்தான்!"

மாடி ரூம் வேலையை நம்பித்தான் ஸ்பாஞ்ச் வெட்டுகிறவரை அக்கா நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். அது கை நழுவினால் அவரிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது?

அன்று சாயங்காலம் மகள் ஆபீஸிலிருந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "கடையில வேலை எங்கேம்மா தேங்குது?" என்றாள்.

"இதென்ன கேள்வி? அந்த மரவேலைக்காரன்கிட்டதான். ஒரு ஆணி அடிக்கறதுக்குள்ள ஒம்பது ஊர்வம்பு."

"நினைக்கறது வேற, பார்க்கறது வேற. இதுக்குன்னே சாஃப்ட்வேர் இருக்கு. எந்த வேலை யார் கையில எவ்வளவு நேரமா இருக்குன்னு அப்படியே காட்டிடும். பத்து நாள் இலவசம். பிடிச்சா மாசாமாசம் கட்டலாம்."

"அஞ்சு பேர் இருக்கற இடத்துக்கு அது எதுக்குடி? கூப்பிட்டா கேக்கற தூரம்."

"கூப்பிட்டுக் கூப்பிட்டு என்னத்தைக் கண்டே?"

அக்கா யோசித்தாள். சாஃப்ட்வேர் மேல் அவளுக்கு ஆசை வரவில்லை. மரவேலைக்காரரைக் கையும் களவுமாகப் பிடிக்கலாமே என்ற ஆசைதான் வந்தது. சரி என்றாள்.

மறுநாள் காலையில் வீட்டிலிருந்த பழைய டிவி கடைச் சுவரில் ஏறியது. திரையில் நாலு கட்டம். சட்டம், ஸ்பாஞ்ச், தையல் என்று மகள் பெயர் போட்டாள். நாலாவதுக்கு என்ன போடுவது?

"உக்கார்றதுன்னு போடு."

"அப்படியெல்லாம் போட முடியாதும்மா. தரப் பரிசோதனைன்னு போடறேன்."

"என்னவோ ஒண்ணு."

ஒவ்வொரு சோபாவுக்கும் திரையில் ஒரு சீட்டு. அவரவர் வேலை முடிந்ததும் போனில் 'ஆச்சு' என்று தட்டினால், சீட்டு அடுத்த கட்டத்துக்குத் தாவும். ஒரே இடத்தில் கிடந்தால் மஞ்சளாகும், அப்புறம் சிவப்பாகும். மரவேலைக்காரருக்கு இது ஒரே குஷி. விளையாட்டுச் சாமான் கிடைத்த குழந்தை மாதிரி, தட்டுவதற்காகவே ஆணி அடித்தார். மதியத்துக்குள் மூன்று கட்டம் பளிச்சென்று பச்சை. நாலாவதில் மட்டும் சீட்டுக்கு மேல் சீட்டு ஏறி, எல்லாம் பழுத்த மிளகாய் நிறத்தில் நின்றது.

மரவேலைக்காரர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "அந்தக் கடைசிக் கட்டம் யாருதுக்கா? ரொம்ப செவப்பா இருக்கே."

"பழைய டிவி. கலர் சரியில்லை."

"மத்த மூணும் பச்சையாத்தான் தெரியுது."

"வாய்க்கு ரெண்டு ஆணி அடிங்க மொதல்ல!"

தையல்காரியின் மெஷின் திடீரென்று வேகமாக ஓடியது. சிரிப்பை மறைக்க அவள் செய்கிற உபாயம் அது.

மறுநாள் அக்கா ஒரு காரியம் செய்தாள். டாக்டர் வீட்டு சோபாவின் சீட்டு மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, போனை மடியில் மறைத்து, உட்காராமலேயே 'ஆச்சு' தட்டினாள். சீட்டு சட்டென்று பச்சையானது. பரீட்சையில் பார்த்து எழுதியதுபோல அப்படியொரு நிம்மதி! அவள் வீட்டுக்காரர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தார். அவர் வாழ்க்கையில் அதுவரை நடக்காத சம்பவம்.

சாயங்காலம் வேன் திரும்பி வந்தது. உள்ளே அதே சோபா.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் சொல்லலை. உக்காந்தாரு. உடனே எந்திரிச்சாரு. கிளினிக்ல இப்ப நின்னுக்கிட்டேதான் வைத்தியம் பாக்கறாராம்."

பிரித்துப் பார்த்தார்கள். ஸ்பாஞ்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஒரு கட்டிங் பிளேயர், கைப்பிடி மேலே தூக்கியபடி.

"அடடே, இதைத்தான் ரெண்டு நாளா தேடறேன்!" என்று மரவேலைக்காரர் அதைத் தடவிக் கொடுத்தார்.

"பாத்தீங்களா?" அக்காவின் குரல் உயர்ந்தது. "நான் உக்காந்து பாக்கலேன்னா இதான் கதி!"

மெஷின் நின்றது. "உக்காரலையாக்கா?" என்றாள் தையல்காரி அப்பாவியாக. "பச்சையா மாறிச்சே?"

அக்கா டிவியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், கடைசியில் டாக்டர் சோபாவின் மேலேயே உட்கார்ந்தாள்.

தையல்காரி பக்கத்தில் வந்தாள். "உக்காந்து பாக்கணுங்கறது சரிதான்க்கா. ஆனா நீங்களேதான் உக்காரணுமா? ஸ்பிரிங்குக்கு ஆள் அடையாளமா தெரியும்?"

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"சொல்லத்தான் வருவோம். நீங்க ஸ்பிரிங் பேசறதைக் கேட்டுட்டு இருப்பீங்க."

அக்காவுக்குச் சுள்ளென்று ஏறியது. ஆனால் லாட்ஜ் சோபாக்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தன. அதற்குப் பக்கத்தில் ஸ்பாஞ்ச் வெட்டுகிறவர் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கொடுத்த வாக்குதான் உறைத்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். நாள் முழுக்கச் சும்மா இருக்கிற உடம்பு இந்தக் கடையில் யாருடையது? பார்வை ஷட்டருக்கு வெளியே ஸ்டூலில் போய் நின்றது.

"என்னங்க, கொஞ்சம் உள்ள வாங்க."

"வண்டி எடுக்கணுமா?"

"உக்காரணும்."

"உக்காந்துதானே இருக்கேன்?"

"அதேதான். இடத்தை மட்டும் மாத்துங்க."

நடுவில் எப்படி விழுவது, ஓரத்தை எப்படி அழுத்துவது என்று அக்கா ஒரு தடவைதான் காட்டினாள். அவருக்கு இயற்கையாகவே வந்தது. அவர் எடையைத் தாங்கிய ஸ்பிரிங் வேறு யாரையும் தாங்கும். அக்கா தையல்காரிக்கு எதிரே தரையில் அமர்ந்து ரெக்சின் மூலைகளை இழுத்துப் பிடித்தாள். இந்த வேலையைத் தொட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. விரல் கன்றிப் போனது. ஆனால் பழைய பிடி விட்டுப் போயிருக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் லாட்ஜ் வரவேற்பறையில் சோபாக்கள் இறங்கின. மேனேஜர் முறைத்துக்கொண்டே ஒன்றில் உட்கார்ந்தார். சாய்ந்தார். காலை நீட்டினார். கண் தானாக மூடியது.

"சார், அந்த மாடி ரூம் வேலை..." என்று அக்கா காதோரம் மெதுவாக எடுத்தாள்.

"திங்கக்கிழமை வந்து அளவெடுத்துக்கங்க," என்றார் கண்ணைத் திறக்காமலே.

பத்தாம் நாள் மதியம் மகள் போன் செய்தாள். "அம்மா, இன்னியோட இலவசம் முடியுது. வாங்கிடலாமா?"

"வேணாம்டி. அது சொல்ல வேண்டியதை நல்லாவே சொல்லிடுச்சு. அதையே மாசாமாசம் காசு குடுத்துக் கேக்கணுமா?"

"அப்போ இப்ப எல்லாம் சரியாப் போகுதா?"

அக்கா நிமிர்ந்து டிவியைப் பார்த்தாள். மூன்று கட்டம் பச்சை. நாலாவதில் ஒரு சீட்டு மஞ்சளைத் தாண்டிச் சிவப்பை நெருங்கிக்கொண்டிருந்தது. ஷட்டர் பக்கம் திரும்பினாள். புது சோபாவில் அவள் வீட்டுக்காரர் சாய்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடியிருந்தார்.

"உஸ்ஸ்... ஸ்பிரிங் பேசுதுக்கா," என்றார் மரவேலைக்காரர்.

அக்கா போனை வாயருகே கொண்டுபோனாள். "வரும்போது ஒரு அலாரம் வாங்கிட்டு வா. இருக்கறதுலயே சத்தமா அடிக்கற மாதிரி."