"யாரு?" என்று ஜெனி கேட்டபோது

பார்வையில்லாத என் மகளின் வீட்டுக்குள், அவளுக்குத் தெரியாமல் நின்று அவளை வேடிக்கை பார்த்தேன். அவள் "யாரு?" என்று கேட்டபோது பதில் சொல்லவில்லை.

நான் திருட வந்தவள் அல்ல. பெற்றவள். பள்ளியில் பாடம் நடத்துகிறவள். அதனால் குற்றம் குறைந்துவிடுமா? அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள், முழுவதையும் கேளுங்கள்...

ஜெனிக்கு இருபத்தாறு வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. ராபர்ட்சன்பேட்டை அலுவலகம் ஒன்றில் வாடிக்கையாளர்களுடன் தொலைபேசியில் பேசும் வேலை. சென்ற ஆண்டு, எங்கள் பழைய தங்கச் சுரங்க ஊரின் பாலகாட் பகுதியில் ஒரு லைன் வீட்டுக்குத் தனியாகக் குடிபோனாள். சுரங்கத் தொழிலாளர்களுக்காக அந்தக் காலத்தில் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. அதே ஊரின் நந்திதுர்க் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். எனக்கோ அது வேறு நாடு!

பின்கதவின் மாற்றுச் சாவியைக் கொடுக்கும்போதே சொன்னாள்: "ஆபத்துன்னா மட்டும்தாம்மா இது. சும்மா வர்றதுன்னா போன் பண்ணிட்டு வா, இன்னா?"

அன்று குழாயில் தண்ணீர் வரும் நாள். பிடித்து வைக்கலாமே என்று போனேன். ஆபத்தா? இல்லை. போன் செய்தேனா? அதுவும் இல்லை. பின்கதவைத் திறந்து சமையலறைக்குள் போய், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர் டிரம்மின் மூடியைத் தொடுவதற்குள் முன்கதவில் சாவி திரும்பியது.

"ஜெனி" என்று கூப்பிட வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

ஏன்? அப்போது எனக்குப் பயமே இல்லை. ஆவல்! நான் இல்லாத இடத்தில் என் மகள் எப்படி இருப்பாள்? பெற்ற நாள்முதல் நான் பார்க்க முடியாதது அது ஒன்றுதானே!

அவள் விளக்குப் போடவில்லை. ஏன் போட வேண்டும்? பொழுது சாயச் சாய எனக்குத்தான் கண் மங்கியது. அவள் கைகள் தடுமாறவேயில்லை. எண்ணெய்க்கு மேலே உள்ளங்கையை நீட்டிச் சூடு பார்த்தாள். கடுகு வெடித்து ஓய்ந்ததும் வெங்காயத்தைப் போட்டாள். ரப்பர் பேண்ட் சுற்றிய டப்பா உப்பு, சுற்றாதது சர்க்கரை... இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் இல்லை.

தோழி ஒருத்தியோடு போனில் பேசிக்கொண்டே சமைத்தாள்.

"எங்கம்மா இப்ப இங்க இருந்திருந்தா, 'ஐயோ ஜெனி, சூடு! ஜெனி, பாத்து!'ன்னு ஃபயர் இன்ஜின் மாதிரி கத்திக்கினு இருக்கும்டி!"

அப்படியே என் குரல்! எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது. இவ்வளவு வேடிக்கையான பெண்ணா இவள்? எங்கள் வீட்டில் ஏன் இப்படி இருந்ததில்லை?

பேசி முடித்துப் போனை வைத்தாள். அடுப்பருகே கைத்துண்டு கிடந்தது. தீக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அது அவளுக்குப் போதும். என் கண்ணுக்குத்தான் போதவில்லை. கை தானாக நீண்டு துண்டை இழுத்துவிட்டது.

அடுத்த நொடி அவள் விரல்கள் அதே இடத்தில் துண்டைத் தேடின. இல்லை. அப்படியே நின்றாள்.

"யாரு?"

மூச்சை அடக்கினேன்.

"யாரது...? இன்னா வேணும்?"

கரண்டியைக் கத்திபோல் முன்னால் நீட்டினாள். தன் வீட்டில்! என்னைப் பார்த்து! "அம்மாதான்டி" என்று ஒரு சொல் போதும். வெட்கத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவள் முன்வாசலுக்கு ஓடிப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். நான் பின்பக்கமாக வெளியேறி, சத்தமில்லாமல் கதவைப் பூட்டினேன்.

வீடு வந்து சேர்வதற்குள் போன்.

"அம்மா, வீட்டுல யாரோ இருந்தாங்க. மூச்சு கேட்டுச்சு. உன் பவுடர் வாசனைகூட... நீ வந்தியா?"

"நானா? இல்லியே."

"பக்கத்து வீட்டு அண்ணன் வந்து பாத்தாரு. யாரும் இல்ல. பின்கதவு பூட்டித்தான் இருக்குது."

"அப்புறம் இன்னா? லைன் வீட்டுல ஒருத்தர் இருமுனா நாலு வீட்டுக்குக் கேக்கும். சுவத்துக்கு அந்தப் பக்கமா இருக்கும்டி."

"எது என் வீடு, எது பக்கத்து வீடுன்னு எனக்குத் தெரியாதாம்மா? அப்ப... என் காதே தப்பா?"

"இருக்கலாம்" என்றேன்.

இதைத்தான் சொல்ல வந்தேன். ஒளிந்து நின்றதைக்கூட மன்னித்துவிடுவீர்கள். இந்த ஒரு சொல்லை?

அவள் தனியாக வாழ்ந்தது அந்தக் காதை நம்பித்தான். சுவரில் எலி ஓடினாலும் இப்போது சந்தேகம். சத்தம் உள்ளேயா, வெளியேயா? நிஜமா, நினைப்பா? ஒரு வாரம் தாக்குப்பிடித்தாள். பிறகு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். மாதக் கடைசியில் அந்த வீட்டைக் காலி செய்யப்போகிறாள். அதற்குள் நான் உண்மையைச் சொன்னால் அவள் காது அவளுக்குத் திரும்பக் கிடைக்கும். நான் அவளை இழப்பேன். தினமும் வாய் திறக்கிறேன்...

இன்று காலை அவளைப் பேருந்து நிறுத்தத்துக்கு அழைத்துப்போனேன். லாரி எது, ஆட்டோ எது என்று தெரு முனையிலேயே சொல்கிறவள், வண்டியே இல்லாத சாலையின் ஓரத்தில் நின்று கேட்டாள்: "வண்டி வருதாம்மா?"

கையை நீட்டினாள். சிறுபிள்ளைப் பருவத்துக்குப் பிறகு நீட்டியதே இல்லை. பிடித்துக்கொண்டேன்.

அந்தக் கை என் கைக்குள் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது.