ஜன்னலில் அசையாமல் நின்றவர்

தெரணியகலையில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. குருவிட்டையைச் சேர்ந்த மாணிக்கக்கல் வியாபாரி ஒருவர், ஒரு கண்காட்சியில் தன் கற்களைப் படமெடுக்க என்னை ஹாங்காங்குக்கு அழைத்துப் போனார்.

வேலை முடிந்ததும் தினமும் துறைமுகப் பக்கம் போய்விடுவேன். கோபுரங்களின் வெளிச்சத்தில் இரவு வானமே ஊதாவாக இருக்கும். கடைசி நாள் ஒரு நடைபாலத்தில் நின்றேன். பளபளக்கும் கோபுரங்களுக்கு முன்னால் துருப்பிடித்த ஜன்னல்களோடு ஒரு பழைய கட்டடம். பழையதும் புதியதும் ஒரே படத்தில் கிடைத்த சந்தோஷம் எனக்கு. பாலத்துக்குச் சற்றுக் கீழே, அந்தக் கட்டடத்தில் விளக்கெரிந்த ஒரு ஜன்னலில் நின்ற வயதானவர் என்னைப் பார்த்து வேகமாகக் கையசைத்தார். நானும் அசைத்தேன். ஏதோ கத்தினார், புரியவில்லை. அசையாமல் நிற்கும்படி சைகை காட்டினேன். நின்றார். நாலைந்து படம் எடுத்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு நடந்தேன்.

ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, இவருக்குப் பின்னால யாரோ தரையில கிடக்குறாங்க பாருங்க.”

கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு வெறுங்கால்கள் தெரிந்தன.

உடனே வியாபாரிக்குப் போன் செய்தேன். “எந்த ரோடுன்னு தெரியுமா தம்பி?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

“வேற யாராச்சும் ஓடி வந்திருப்பாங்க” என்கிறாள் மனைவி. இருக்கலாம். ஆனால் நான் சொன்னதும் அவர் அசையாமல் நின்றாரே, அதுதான் என்னைத் தூங்க விடுவதில்லை. படம் எடுத்து முடித்ததும் நான் உதவிக்கு வருவேன் என்று நம்பித்தான் அவர் நின்றிருக்க வேண்டும்.