எல்லாருக்கும் ஒரே தேர்வு

அந்தப் பதிப்பகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். மெய்ப்புத் திருத்துவதுதான் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் பார்த்த தாளில் ஒரு பிழையும் தங்காது. பெரிய எழுத்தாளர்கள்கூட அவள் மேசைப் பக்கம் வந்தால் வாலைச் சுருட்டிக்கொள்வார்கள். அந்தக் கண்தான் ஓரத்திலிருந்து இருண்டுகொண்டே வந்து, கடைசியில் முழுதும் போனது. முதலாளி பூச்செண்டு கொடுத்து, "வீட்டுல நிம்மதியா இருங்கம்மா" என்று அனுப்பிவைத்தார். யாருடைய நிம்மதி என்று அவர் சொல்லவில்லை.

அவள் சும்மா கிடக்கிற ஆளா? திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் கணினியோடு மல்லுக்கட்டி, அதையும் வசப்படுத்தினாள். அதற்குள் பதிப்பகங்களுக்கு ஞானோதயம் வந்துவிட்டது. 'புத்தகம் எல்லாருக்கும்' என்று ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். பயிற்சி கொடுக்க ஆள் வேண்டுமே? அதே முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

அதே கட்டடம், அதே கூட்ட அறை. படத்தைப் பார்க்க முடியாதவருக்கு அதை எப்படி எழுத்தில் சொல்வது, கணினி தடுமாறாமல் வாசிக்கக் கோப்பை எப்படி அமைப்பது என்று பதிப்பக ஊழியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"உங்க கதையில வர்ற பார்வையில்லாதவன் ஒண்ணு பாட்டுப் பாடுறான், இல்லைன்னா ஞானியா இருக்கான். ஏன், ஒருத்தன்கூட பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட வம்புக்குப் போக மாட்டானா?" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள், தேநீர் குடித்தார்கள், அவளை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் இணையதளத்தில் ஏறியது. அதற்கு ஒரு வரி விளக்கம் எழுதத்தான் யாருக்கும் கை வரவில்லை.

"உன்னைக் காட்டி அவங்க நல்ல பேர் வாங்குறாங்க. உனக்கு ஒரு நாற்காலி போடுவாங்களா?" என்றார் தையல்காரரான அவள் கணவர். அவளுக்கு வேண்டியதும் அந்த நாற்காலிதான். காலையில் போய் உட்கார்ந்து, அடுத்தவர் எழுத்தோடு சண்டை போட்டு, சாயங்காலம் களைத்து வீடு திரும்ப வேண்டும். ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் முதலாளியிடம் கேட்பாள். "பாக்கலாம்மா" என்பார்.

ஒருவழியாக, எல்லாருக்குமான புத்தகங்களைக் கவனிக்க ஒரு பதிப்பாசிரியர் தேவை என்று அறிவிப்பு வந்தது. அவள் சொல்லிக்கொடுத்த அத்தனையும் அந்த ஒரு வேலைக்குள் இருந்தது. விண்ணப்பித்தாள்.

தேர்வன்று தலைமைப் பதிப்பாசிரியர் அவள் கையில் அச்சடித்த தாள்களையும் ஒரு சிவப்புப் பேனாவையும் கொடுத்தார். எல்லாப் பயிற்சிக்கும் முன்வரிசையில் உட்கார்ந்து "ஆமாம் ஆமாம்" போட்ட மனிதர்தான்.

"சார், இதையே கணினியில குடுங்க. முடிச்சுத் தர்றேன்."

"அது மத்தவங்களுக்கு அநியாயம் ஆயிடும்மா. எல்லாருக்கும் ஒரே தேர்வுதான். யாரையும் பிரிச்சுப் பாக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?"

அவளுக்கு அந்தப் பேனாவை அவர் முகத்தில் விட்டெறியலாம் போல இருந்தது. ஆனால் எழுந்து போனால், 'அவங்களே வேண்டாம்னு போயிட்டாங்க' என்பார்கள். மணி அடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்து, வெற்றுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள்.

வேலை விளம்பரப் பிரிவிலிருந்த ஒருவருக்குப் போனது. மறுவாரமே முதலாளி கூப்பிட்டார்: "புது ஆசிரியருக்கு நீங்கதாம்மா பயிற்சி குடுக்கணும்."

"மானம் ரோஷம் இருந்தா போகாதே" என்றார் கணவர்.

"நான் போகலைன்னா அந்த ஆளு கதையில இன்னும் நாலு பேரை ஞானியாக்கிடுவான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

புதியவர் நல்ல மாதிரிதான், ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். தலைமைப் பதிப்பாசிரியரும் பக்கத்தில் இருந்தார். நடுவில் புதியவர் வியந்துபோய், "இவ்வளவு தெரிஞ்ச நீங்களே இந்த வேலைக்கு வந்திருக்கலாமே மேடம்?" என்றார்.

"வந்தேன் சார். எழுத்துத் தேர்வுல பூஜ்யம்."

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நல்லா ஜோக் அடிக்கிறீங்க மேடம்!"

தலைமைப் பதிப்பாசிரியரும் கூடவே சிரித்தார்.