இரண்டு பிக்கப்பும் ஒரு மார்க் ஷீட்டும்

1. குழு அமைந்தது

எங்கள் ராயபுரம் அலுவலகத்தில் மாப்பிள்ளை சார் பொறுப்பேற்ற முதல் நாள், முற்றத்தில் நின்ற இரண்டு பிக்கப் வண்டிகளையும் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணு போகணும்" என்றார். அப்போது அவர் இன்னும் நாற்காலியில்கூட உட்காரவில்லை.

முதலாளியின் மகளைக் கட்டியவர் என்பதால் எங்களுக்கு அவர் மாப்பிள்ளை சார். முன்பு பெங்களூரில் பெரிய கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தாராம். முதலாளிக்கு மூட்டுவலி வந்து வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வர ஆரம்பித்ததும், அந்த ஆலோசனையெல்லாம் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது.

நான் பிலோமினா. அந்தக் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் டெஸ்பாட்ச் பார்த்தவள். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குச் சாமான் கொடுப்பதுதான் எங்கள் தொழில். காய்கறி, முட்டை, கயிறு, பெயின்ட், சோப்பு என்று கப்பல்காரர்கள் என்ன கேட்டாலும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எந்தச் சாமான் எந்த வண்டியில் எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உபயோகப்படும் என்று இதை எழுதுகிறேன். இதில் நான் ஒன்றும் பெருமையாக நடந்துகொள்ளவில்லை என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

முற்றத்தில் குளிர் அறை கட்டப்போவதாகவும், இனி ஒரு வண்டி நிற்கத்தான் இடம் இருக்கும் என்றும் மாப்பிள்ளை சார் சொன்னார். இரண்டு வண்டிக்கும் ஒரே வயது, இரண்டும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குப் போக வேண்டிய நேரம். "வண்டி போனா அந்த டிரைவரும் போகணும். ரெண்டு பேருக்கு இங்க வேலை இல்ல" என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார். சொன்ன விதத்தைக் கேட்டால், டிரைவரையும் ஸ்டெப்னி டயர் மாதிரி வண்டியோடு வந்த பொருள் என்று நினைத்திருப்பார் போலிருந்தது.

வெள்ளை வண்டியை ஓட்டியவன் ஸ்டீபன். எங்கள் பங்குக் கோயில்காரன். தினமும் காலையில் வண்டியைக் கழுவி, துடைத்து, கண்ணாடிக்கு முன்னால் பிளாஸ்டிக் பூ மாற்றி வைப்பான். என்னைப் பார்த்தால் "பிரைஸ் தி லார்ட் அக்கா" என்று கும்பிடுவான். நீல வண்டி டில்லிபாபுவுடையது. அது நீலம் என்பதே ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தால்தான் தெரியும். பதினாலு வருஷத்தில் அவன் அதன்மேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை. நின்ற இடத்தில் எல்லாம் சொட்டுச் சொட்டாக ஆயில் விடும்.

டில்லிபாபுவோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் நான் ஒரு சீட்டில் கப்பல் நிற்கும் பர்த் எண்ணைத் தப்பாக எழுதிவிட்டேன். அவன் போய்த் திரும்பி வந்து, எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், "யக்கா, நீ எழுதன எடத்துல கடல்தான் கீது, கப்பல் இல்ல" என்றான். மொத்த அலுவலகமும் சிரித்தது. அதை நான் மறக்கவில்லை.

2. அழகிப் போட்டி

வண்டிகளை மதிப்பிட மூன்று பேர் கொண்ட குழு. மாப்பிள்ளை சார் தலைவர். நானும் அக்கவுண்டன்ட்டும் உறுப்பினர்கள். மாப்பிள்ளை சார் மடிக்கணினியில் ஒரு மார்க் ஷீட் தயாரித்திருந்தார். தோற்றம், சுத்தம், சத்தம், கசிவு, கம்பெனியின் கௌரவம், டிரைவரின் ஒத்துழைப்பு. வண்டி சுமை தாங்குமா என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை. அதை நானும் அன்று கவனிக்கவில்லை.

வெயிலுக்குப் பயந்து மூவரும் முற்றத்தில் இருபது நிமிஷம்தான் நின்றோம். மாப்பிள்ளை சார் வெள்ளை வண்டியின் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். உள்ளே மல்லிகை வாசனை வந்தது.

"இன்னா சார், பொண்ணு பாக்க வந்தாப்புல கீது?" என்றான் டில்லிபாபு. "பாடச் சொல்லிப் பாக்குறதுதானே?"

"உங்க வண்டியில என்ன ஸ்பெஷல்?" என்று மாப்பிள்ளை சார் அவனிடம் கேட்டார்.

"போற எடத்துக்குப் போவும், வர்ற எடத்துக்கு வரும் சார். வேற இன்னா செய்யணும் அது?"

நீல வண்டியின் கீழே ஒரு சிறிய ஆயில் குட்டை. அதைத் தன் ஷூ மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போன மாப்பிள்ளை சார், கசிவுக் கட்டத்தில் பூஜ்யம் போட்டார். ஒத்துழைப்புக் கட்டம் என்னுடையது. ஸ்டீபனுக்குப் பத்துக்கு ஒன்பது போட்டேன். டில்லிபாபுவுக்கு இரண்டு. அந்த இரண்டையும் பேனாவை அழுத்தித்தான் எழுதினேன்.

வெள்ளை ஜெயித்தது. இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை சார் சொல்லச் சொல்ல இரண்டு கடிதங்கள் அடித்தேன். ஒன்று, நீல வண்டியை விற்பதற்கான ஒப்பந்தம். வண்டி புரோக்கர் பேசி முடித்த விலைக்கு, அவர் மூலம் முன்பணம் அனுப்பியிருந்த திருவொற்றியூர் கே. கஸ்தூரி என்பவருக்கு, சனிக்கிழமை காலை ஒப்படைப்பது. இன்னொன்று, எண்ணூர்ப் பக்கத் துறைமுகத்துக்கு. இனிமேல் எங்களிடம் இல்லாத வண்டிக்கு கேட் பாஸ் எதற்கு, ரத்து செய்யுங்கள் என்று. "ஒரு வேலையைச் செஞ்சா முழுசாச் செய்யணும்" என்றார் மாப்பிள்ளை சார். உண்மையிலேயே முழுசாகத்தான் செய்திருந்தோம்.

டில்லிபாபுவைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவன் சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தேன். "சரி சார். சனிக்கெழம வரிக்கும் வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

3. திருவொற்றியூரில் படுத்தது

வியாழக்கிழமை ஒரு புது ஏஜென்ட்டின் கப்பலுக்குச் சாமான் போக வேண்டும். மூன்று மணிக்குள் கேட்டைத் தாண்ட வேண்டும். மாலையில் கப்பல் கிளம்பிவிடும். முட்டை, முட்டைக்கோஸ், ப்ராக்கோலி, வெங்காய மூட்டை, கயிற்றுச் சுருள் எல்லாம் வெள்ளை வண்டியில் ஏறின. வழக்கமாக இரண்டு வண்டியில் போகும் சுமை; நீலம்தான் விற்றாயிற்றே என்று எல்லாவற்றையும் இதிலேயே ஏற்றினோம். கப்பல் கேப்டனை நேரில் பார்த்துக் கைகுலுக்க ஆசைப்பட்ட மாப்பிள்ளை சார் ஒரு இனிப்புப் பெட்டியோடு தன் காரில் பின்னால் வந்தார். பில்களோடு நானும் அந்தக் காரில்.

திருவொற்றியூர் தாண்டும் முன்பே சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஸ்டீபன் ஓரமாக ஒதுங்கி, ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினான். மரம் முறிவது மாதிரி ஒரு சத்தம். வெள்ளை வண்டியின் நடுப்பகுதி அப்படியே தரையைப் பார்த்து இறங்கியது. முன்பக்கம் ஒரு திசையில் தூக்கிக்கொண்டது, பின்பக்கம் இன்னொரு திசையில். முட்டைக்கோஸ்கள் உருண்டு லாரிகளுக்கு அடியில் போய்ச் சேர்ந்தன.

பக்கத்து லாரியிலிருந்து ஒரு டிரைவர் தலையை நீட்டி, "இன்னா மாமு, வண்டிய மடிச்சி வூட்டுக்கு எட்தும் போறியா?" என்று கேட்டான்.

ஸ்டீபன் இறங்கி, துடைக்கும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்திலேயே பட்டறை வைத்திருந்த டிங்கர் காதர் பாய் வந்து, சாலையில் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்தார். வண்டி முழுவதையும் தாங்கும் சேஸிஸ் சட்டத்தை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். இரும்பு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. மேலே மட்டும் கறுப்பு பெயின்ட் பளபளவென்று இருந்தது.

"இத்த யாருபா டெய்லி கழுவனது?"

"நான்தான் பாய்" என்றான் ஸ்டீபன். அந்த நிலையிலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"இன்னா தண்ணில?"

"ஆபீஸ் போர் தண்ணி."

"ராயபுரம் போர் தண்ணியா? நைனா, அது கடலு. தெனம் வண்டிக்கு உப்புத் தண்ணி ஊத்தி வளத்து கீற."

ஸ்டீபனுக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை சார் என்னைப் பார்த்தார். நான் டில்லிபாபுவுக்கு போன் செய்தேன். இன்னும் இரண்டு நாளில் வேலையை விட்டு அனுப்பப்போகிறவனிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நடந்ததை மட்டும் சொன்னேன். அவன் ஒரே கேள்விதான் கேட்டான். "முட்ட ஒடஞ்சிச்சா யக்கா?"

"பாதி."

"மீதிய நெழல்ல வையி. வந்துகினு கீறேன்."

முக்கால் மணி நேரத்தில் நீல வண்டி புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது. சாமானை மாற்ற ஆள் இல்லை. "சார், அந்த அட்டைய இப்டி குடு. தலைல வைக்காத, மார்ல அணைச்சிக்கோ. கொயந்த மாதிரி" என்று டில்லிபாபு சொல்லிக்கொடுக்க, மாப்பிள்ளை சார் முட்டை அட்டைகளைச் சுமந்தார். வெள்ளைச் சட்டை மஞ்சளாகிவிட்டது.

அதற்குள் காதர் பாய் நீல வண்டிக்கு அடியிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தார். "இதுக்குத் துருன்னா இன்னான்னே தெரியாது சார். ஒழுவற ஆயிலு சேஸிஸ் பூரா பூசிக்கினு கீது. கல்லு மாதிரி கீது இரும்பு."

கசிவுக்குப் பூஜ்யம் போட்டவர் அடுத்த முட்டை அட்டையை எடுக்கப் போனார்.

4. கேட்டில்

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கேட்டை அடைந்தோம். மாப்பிள்ளை சார் இனிப்புப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். காவலர் வண்டி எண்ணைக் கணினியில் அடித்தார். மறுபடியும் அடித்தார்.

"இந்த வண்டிக்கு பாஸ் இல்ல சார். கேன்சல் ஆயிருச்சு."

"யார் கேன்சல் பண்ணது?" என்று மாப்பிள்ளை சார் குரலை உயர்த்தினார்.

காவலர் உள்ளே போய் ஒரு காகிதத்தை எடுத்து வந்து நீட்டினார். "இது உங்க கையெழுத்துதானே?"

நான் அடித்த கடிதம். ஒரு பிழைகூட இல்லை. மாப்பிள்ளை சார் அதைப் படித்தார், பிறகு யார் யாருக்கோ போன் செய்தார். அந்தப் பாஸை மறுபடி வாங்க இரண்டு வேலை நாள் ஆகுமாம். டில்லிபாபு வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அவன் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை.

கப்பல் எங்கள் முட்டையும் கயிறும் இல்லாமலே போய்விட்டது. அந்த ஏஜென்ட் அதன் பிறகு எங்களைக் கூப்பிடவே இல்லை. காய்கறியை அலுவலகத்தில் எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டோம். ஒரு வாரம் என் வீட்டில் ப்ராக்கோலி பொரியல். பேரப்பிள்ளைகள் சாபம் விட்டார்கள்.

5. வாங்க வந்தவர்

வெள்ளிக்கிழமை குழு மறுபடி கூடி, நீல வண்டியையே வைத்துக்கொள்வது என்று ஒருமனதாக முடிவு செய்தது. இந்த முறை மார்க் ஷீட்டைத் திறக்கவே இல்லை. மறுநாள் வரும் ஆளிடம் மன்னிப்புக் கேட்டு முன்பணத்தைத் திருப்பிவிடலாம் என்றார் மாப்பிள்ளை சார்.

சனிக்கிழமை முதலாளியும் வந்திருந்தார். பத்து மணிக்கு ஒரு பெண் உள்ளே வந்தாள். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்பவள் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவளுக்குப் பின்னால் டில்லிபாபு நின்றான்.

"நான்தான் கஸ்தூரி. இவரு சம்சாரம்" என்றாள்.

மாப்பிள்ளை சார் நிலைமையை விளக்கினார். நீளமாக, மரியாதையாக, நடுநடுவே இங்கிலீஷில். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, ஒப்பந்தத் தாளை மேஜைமேல் விரித்தாள்.

"சார், பதினாலு வருசம் இந்த வண்டி எப்டி ஓடுதுன்னு இவரு வூட்ல வந்து சொல்லிக்கினு கீறாரு. என் கொயந்தைங்களப் பத்திகூட அவ்ளோ பேசனதில்ல. நீங்க வோணான்னு சொன்னீங்க, நாங்க வாங்கிக்கினோம். இதுல கையெழுத்து போட்டு கீறீங்களா இல்லியா?"

"போட்டிருக்கோம், ஆனா..."

"அப்பறம் இன்னா ஆனா? சாவியக் குடு."

முதலாளி அவ்வளவு நேரமும் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "கையெழுத்து போட்டாச்சுல்ல மாப்ள. குடுத்துருங்க" என்றார். இரண்டு வண்டியில் எதை வைத்துக்கொள்வது என்று குழு போட்டு ஆராய்ந்த எங்களிடம், கடைசியில் இரண்டுமே இல்லை. வெள்ளை ஏற்கெனவே காதர் பாய் பட்டறையில் துண்டாகிக்கொண்டிருந்தது.

6. நான் கற்றது

ஒரு மாதம் கழித்து நான் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனேன். டில்லிபாபு வண்டியிலிருந்து ஐஸ் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்: "டில்லி, அன்னிக்கு உனக்கு மார்க் கொறைச்சது நான்தான். வண்டியப் பாத்துப் போடல. உன் வாய்க்குப் போட்டேன்."

"தெரியும் யக்கா. நல்லதாப் போச்சு. நீ கரீக்டா மார்க் போட்டிருந்தா இன்னும் உங்க சார் கிட்டதான சலாம் போட்டுக்கினு இருந்திருப்பேன்" என்றான். கூடுதலாக நாலு சங்கரா மீனைப் பையில் போட்டான். வாங்கிக்கொண்டேன். ஆனால் அந்தப் பதில் எனக்கு எந்தப் பாவமன்னிப்பும் ஆகவில்லை. அவன் பிழைத்தது கஸ்தூரியின் கெட்டிக்காரத்தனத்தால். என் நியாயத்தால் இல்லை.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களிடமும் ஒரு நாள் யாராவது கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து மார்க் போடச் சொல்வார்கள். ஒருவனை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், "எனக்கு இவனைப் பிடிக்காது" என்று அந்தத் தாளில் தைரியமாக எழுதிக் கீழே கையெழுத்துப் போடுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தால், அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு எழுந்து வாருங்கள்.