சிறந்த வீரர்: ரி. கந்தையா

சம்பளம் வாங்கும் உத்தியோகத்தில் ஒரே ஒரு மேலதிகாரிதான். சம்பளமில்லாத உத்தியோகத்தில் எதிரே வருகிறவர் எல்லாருமே மேலதிகாரி. எந்தச் சங்கத்திலாவது செயலாளராக இருந்து பேச்சு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில் இருந்த யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் சேர்ந்து ஓர் உதைபந்தாட்ட லீக் நடத்தினோம். கல்லூரி என்றதும் பட்டப்படிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் பெரிய பள்ளிக்கூடத்துக்கும் அதுதான் பெயர். வாரநாட்களில் நான் கவுன்சில் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் லீக்கின் செயலாளர். முடிவுகளைச் சேர்ப்பது, புள்ளி போடுவது, பருவம் முடிய சிறந்த வீரருக்குக் கேடயம் செய்விப்பது எல்லாம் என் தலையில். கல்லூரிகளின் பெயர்களை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் இன்றைக்கும் போன் வரும். சட்டை நிறத்தை வைத்தே சொல்கிறேன்.

நீலம் வென்றது

கைத்தொலைபேசி இல்லாத காலம். ஆட்டம் முடிந்ததும் கிங்ஸ்பரியில் இருந்த என் வீட்டுக்கு நடுவர் போன் செய்து முடிவைச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட வந்த இரண்டு அணிகளும் நீலச் சட்டையில் வந்து நின்றன. இரண்டு கப்டன்மாரும் வெம்பிளிச் சந்தையில் ஒரே கடையில் மலிவாகக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். மாற்றுச் சட்டை கிடையாது. ஓர் அணியைச் சட்டையை உட்புறம் வெளியே தெரிய மாற்றிப் போடச் சொன்னார்களாம். போட்டுப் பார்த்தால் உட்புறமும் நீலம்!

நடுவர் பஸ் ஓட்டும் வெள்ளைக்காரர், நல்ல மனிதர். "நீலம் வென்றது, மூன்றுக்கு இரண்டு, அருமையான ஆட்டம்" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். அடுத்த பத்து நிமிடத்துக்குள் இரண்டு கப்டன்மாரும் எனக்குப் போன் எடுத்து, தாங்கள்தான் வென்றோம் என்று சத்தியம் செய்தார்கள். மறுநாள் நடுவரைப் பிடித்துக் கேட்டுத் தீர்த்துக்கொண்டோம், தோற்ற அணி பிறகு வேறு நிறத்துக்கு மாறியது என்பது வேறு விஷயம். அன்றைக்கு நான் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்ததைப் பார்த்து, இடியப்பம் பிழிந்துகொண்டிருந்த என் மனைவி மனோகரி சொன்னாள்: "ரெண்டு பேரும் வெண்டதெண்டே போடுங்கோவன். இந்த நாட்டுக்கு வந்து ஆருக்கு என்ன வெற்றி கிடைச்சது? ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கிடைக்கட்டும்."

பிரசாத வரிசை

வெள்ளிக்கிழமைகளில் ஆர்ச்வேயில் உள்ள முருகன் கோயிலுக்குப் போவேன். வாரத்தில் ஒரு மணி நேரமாவது லீக்கை மறந்திருக்கலாம் என்ற நப்பாசை. அங்கேயும் விடமாட்டார்கள். போன ஞாயிறு தோற்றுப்போன பச்சை அணியின் கப்டன் நெற்றி நிறைய விபூதியோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசி கோல் ஓவ்சைட், விதியை மீறி முன்னால் போய் நின்று அடித்தது, என்பது அவர் வழக்கு. நான் அன்றைக்கு மைதானத்துக்கே போகவில்லை என்றேன். போகாதவர்தான் நடுநிலையாகச் சொல்ல முடியும் என்றார். இதைக் கேட்டுக்கொண்டு நின்ற, அன்றைக்கு வென்ற சிவப்பு அணிக்காரர் ஒருவரும் வந்து சேர்ந்தார். செருப்பு வைக்கும் இடத்தில் ஆரம்பித்த விவாதம் பொங்கல் கொடுக்கும் மேசைவரை வந்துவிட்டது. முருகன் சாட்சி, வள்ளி சாட்சி என்று இருவரும் மாறி மாறிச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்த அம்மா கரண்டியை நிறுத்திவிட்டு எங்களை மேலும் கீழும் பார்த்தார். "தம்பிமார், நீங்கள் மூண்டு பேரும் இப்ப ஓவ்சைட்டிலதான் நிக்கிறியள். பின்னுக்குப் போய் வரிசையில வாங்கோ."

பழைய மாணவன்தானா?

மஞ்சள் அணிக்கு அந்தப் பருவம் ஒரு புதுப் பையன் வந்தான். பெயர் தவராசா, எல்லாருக்கும் தவம். வயது இருபத்துமூன்று, நாலு இருக்கும். லண்டனுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பந்து அவன் காலில் பட்டுவிட்டால் பிறகு திருப்பித் தரமாட்டான். அதுதான் பிரச்சினை. நீல அணியின் கப்டன் ஆட்சேபம் கொடுத்தார். "இவன் அந்தக் கல்லூரியில் படித்தவனே இல்லை, எங்கிருந்தோ பிடித்து வந்திருக்கிறார்கள்" என்றார். லீக்கில் பழைய மாணவர்கள் மட்டுமே விளையாடலாம் என்பது விதி. மஞ்சள் அணியில் இருந்தவர்கள் எல்லாம் எழுபதுகளில் படித்தவர்கள். அவர்களில் ஒருவருக்கும் தவத்தைப் பள்ளியில் பார்த்த ஞாபகம் இல்லை. பார்த்திருக்கவும் முடியாது.

லீக்கின் தலைவர், தவம் படித்ததாகச் சொன்ன அதே கல்லூரியில் முன்பு கணக்குப் படிப்பித்தவர். எங்கள் எல்லாருக்கும் அவர் மாஸ்டர். அவரே விசாரணையை நடத்தினார். மைதானத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற மரம் எது என்று கேட்டார். "நான் ஒரு மரத்தையும் காணேல்லை, மாஸ்டர்" என்றான் தவம். விளையாட்டுப் போட்டி எந்த மாதம் நடக்கும் என்று கேட்டார். தான் படித்த காலத்தில் நடக்கவில்லை என்றான். நீலக் கப்டன் எங்களைப் பார்த்துச் சிரித்தார். தவம் தலையைக் குனிந்தபடி, மைதானத்தில் இராணுவம் ஆமி காம்ப் போட்டிருந்தது, மரங்களை வெட்டிவிட்டார்கள், பள்ளிக்கூடம் திறந்திருந்த நாளைவிடப் பூட்டியிருந்த நாள்தான் அதிகம், பந்து விளையாடப் பக்கத்து ஊருக்குத்தான் போனோம் என்று மெதுவாகச் சொன்னான். சிரித்தவர் சிரிப்பை நிறுத்தினார். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். கடைசியில் அவர் சொன்னார்: "இவன் எங்கட பொடியன்தான். நான் கேட்ட கேள்வியள்தான் பழசாப் போச்சு."

அரைவாசி ஆட்டம்

தவம் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தான். ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் முடித்துவிட்டு ஓடி வருவதற்குள் பாதி ஆட்டம் போய்விடும். வேலைச் சட்டைக்கு மேலேயே மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்குவான். சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைக் கழற்ற மறந்து, நெஞ்சில் பந்தை வாங்கி, ஊசி குத்தி அலறிய நாளும் உண்டு.

இப்படி விழுந்தடித்து ஏன் வருகிறாய், ஓய்வெடுத்தால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். அவனுடைய அப்பா வவுனியாவில் அக்கா வீட்டில் இருந்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அங்குள்ள கடையொன்றில் காத்திருந்து அவனுடைய போனை எடுப்பார். எடுத்ததும் இரண்டு கேள்வி: கேஸ் முடிந்துவிட்டதா? படிக்கத் தொடங்கிவிட்டாயா? அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை, அது வராமல் படிப்பும் இல்லை. இரண்டுக்கும் "இன்னும் இல்லை அப்பா" என்றே ஒரு வருடமாகச் சொல்லிவருகிறான். "மூண்டாவதா ஒரு நல்ல விஷயம் சொல்லோணும் அண்ணை. பந்தைத் தவிர என்னட்ட வேற ஒண்டும் இல்லை" என்றான். அதில் ஒரு சிக்கலும் இருந்தது. பந்து என்றாலே அப்பாவுக்கு ஆகாது. படிப்பைக் கெடுக்கிறது என்று மகனுடைய பூட்ஸைத் தூக்கிக் கிணற்றுக்குள் போட்ட மனிதர் அவர்.

ஒரு ஞாயிறு ஷிப்ட் முடிய முன்னமே தவம் வந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் பெற்றோல் நிலைய முதலாளி, தலைப்பாகை கட்டிய சர்தார்ஜி, கோபமாகக் காரை நிறுத்திவிட்டு வந்தார். பையனுடைய வேலை போகப்போகிறது என்று நினைத்தேன். வந்தவர் மைதானத்தின் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றார். தவம் பந்தோடு மூன்று பேரை வெட்டித் தாண்டிப் போய் ஒரு கோல் போட்டான். முதலாளி கையைத் தட்டினார், பிறகு தான் வந்த காரியம் ஞாபகம் வந்தவராகக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார். கூப்பிடவா என்று கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "வேண்டாம், பெற்றோல் நிலையத்தைப் பூட்டிவிட்டுத்தான் வந்தேன். இன்னும் எவ்வளவு நேரம் ஆடுவார்கள்?"

பித்தளைத் தகடு

பருவம் முடிந்தது. நீலம் முதலிடம். மஞ்சள் கடைசி, அந்த அணி வென்றது ஒரே ஒரு ஆட்டம், அதுவும் தவம் முழு நேரமும் நின்ற ஆட்டம். சிறந்த வீரரைக் கப்டன்மார் தெரிவு செய்ய வேண்டும், தன் அணிக்காரனைச் சொல்லக் கூடாது. மஞ்சள் கப்டனைத் தவிர எல்லாரும் தவத்தின் பெயரைச் சொன்னார்கள். ஆட்சேபம் கொடுத்த நீலக் கப்டன்தான் முதலில் சொன்னவர்.

கேடயத்தில் பெயர் வெட்டுபவர் பிராங்க். சப்பாத்துக்குக் குதி வைப்பார், பூட்டுக்குத் திறப்பு வெட்டுவார், பெயரும் பொறிப்பார். நான் அவரிடம் கொடுத்தது உள்துறை அலுவலகத் தாளில் இருந்த பெயர்: தவராசா கந்தையா. தகடு சிறியது. முழுப் பெயர் கொள்ளாதென்று பிராங்க் ஆங்கிலேய வழக்கப்படி முதற்பெயரை T என்ற ஓர் ஆங்கில எழுத்தாகச் சுருக்கி, எங்கள் வாயில் 'ரி. கந்தையா' என்று வரும்படி, அழகாக வெட்டிவிட்டார். அவர் முறைப்படி அது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் முறைப்படி முன்னால் நிற்கிற எழுத்து அப்பாவுடையது, பின்னால் வருவதுதான் ஆளின் பெயர். கந்தையா என்பது தவத்தின் அப்பா.

விழா கிங்ஸ்பரியில் ஒரு பள்ளி மண்டபத்தில். கேடயம் சுற்றிய கடதாசியோடு நேரே மேடைக்கு வந்ததால் தகட்டை ஒருவரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை. மாஸ்டர் அதைத் தூக்கிப் பிடித்து, கண்ணாடியைச் சரிசெய்து, "இந்தப் பருவத்தின் சிறந்த வீரர், ரி. கந்தையா!" என்று முழங்கினார். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பின்வரிசையில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கி எழுந்தார். அவர் மனைவி வேட்டியைப் பிடித்து இழுத்தார். "கூப்பிடுகினம் எல்லே, அதுதான் எழும்பினனான்" என்றார் அந்த இன்னொரு கந்தையா. மண்டபம் வெடித்துச் சிரித்தது. தவம் மட்டும் சிரிக்கவில்லை. மேடைக்கு வந்து கேடயத்தை வாங்கி, தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வருடமாக அவன் காத்திருந்த நல்ல செய்தி அது. அதில் அவனுடைய பெயர் இல்லை. தகட்டைக் கழற்றி, திங்கட்கிழமையே புதிதாக வெட்டித் தருகிறேன் என்று காதோடு சொன்னேன்.

"வேண்டாம் அண்ணை. அப்பா இப்பிடித்தான் கையெழுத்து வைக்கிறவர். தம்பு கந்தையா, ரி. கந்தையா. அவரை இஞ்ச கூப்பிட எனக்கு ஏலாது. பேராவது வந்து சேர்ந்திட்டுது, இருக்கட்டும்."

வவுனியாவிலிருந்து

கேடயத்தை அப்பாவுக்கே அனுப்பத் தவம் முடிவு செய்தான். கொழும்புக்குப் போன ஒருவர் அதைச் சேலைகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டு போனார். வவுனியாவுக்கு அது போய்ச் சேர்ந்த பிறகு வந்த போன் நாளில் தவம் தன் அறையில் இருந்து பேசவில்லை. தனியாகப் பேசப் பயமாக இருக்கிறது என்று எங்கள் வீட்டுக்கு வந்தான். கிணற்றுக்குள் போன பூட்ஸ் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மனோகரி தேத்தண்ணி கொடுத்தாள்; அவன் குடிக்கவில்லை.

அப்பா போனை எடுத்தார். அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கே கேட்கும் அளவுக்குச் சத்தம். கேஸைப் பற்றிக் கேட்கவில்லை. படிப்பைப் பற்றியும் கேட்கவில்லை. தவம் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவர் விடவில்லை. அவர் பேசி முடிக்கும்போது அவன் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தான். மனோகரியும்தான். அவர் சொன்னது இதுதான்: "டேய், என்ர சீவியத்தில நான் பந்தைத் தொட்டதில்லை. இஞ்ச வாறவை எல்லாரும் கேடயத்தில என்ர பேரைப் பாத்திட்டு எப்ப விளையாடினனீங்கள் எண்டு கேக்கினம், நானும் இளமையில எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன். அடுத்த வருசமும் விளையாடு."

நான் செயலாளராக இருந்த காலம் முழுவதும் ஒருவருமே ஆட்சேபம் தெரிவிக்காத ஒரே முடிவு, வாழ்நாளில் பந்தையே தொடாத ஒருவர் சிறந்த வீரரானதுதான்.