ரத்னா சேர்ந்த கூட்டம்

ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனியில் பதினாறு வருஷம் வேலை பார்த்த ரத்னா, புருஷன் தமிழ்வாணனின் அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்தபோது வாடகை அறை தேடவில்லை. பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கை போட்டுக் குடியேறினாள்.

வேனிலேயே ஊர் சுற்றுகிறவர்கள் ஞாயிறு காலையில் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் தோப்பில் கூடுவதாகக் கேள்விப்பட்டு அவளும் போனாள். ஐஸ்வர்யா என்ற பெண் அடுப்பில் டீ வைத்தபடி, "உக்காருங்கக்கா" என்று சொல்லி வாய் மூடவில்லை, ரத்னாவின் வேன் கண்ணாடி நொறுங்கியது. பைக்கில் பின்தொடர்ந்து வந்த தமிழ்வாணன் இரும்புக் கம்பியோடு நின்றான்.

"வூட்ட வுட்டுட்டு ரோட்ல குடித்தனமா?"

அடுத்த அடி அவள் வலது கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. முடியைப் பிடித்துத் தரையில் இழுத்தான். இத்தனை வருஷமும் அடிவாங்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். அன்று மூடவில்லை. இடது கைக்கு எட்டிய டீப் பாத்திரத்தைக் கொதிக்கக் கொதிக்க அவன் முகத்தில் வீசினாள். அலறிக்கொண்டே அவன் மறுபடி கம்பியை ஓங்க, ஐஸ்வர்யாவும் இன்னும் நாலு பேரும் பாய்ந்து அமுக்கிக் கூடாரக் கயிற்றால் கட்டினார்கள்.

"இது குடும்ப விஷயம். உங்களுக்கு இன்னா?"

"எங்க ஆளு மேல கை வச்சிட்டு குடும்பமா?" என்றாள் ஐஸ்வர்யா, முடிச்சை இறுக்கியபடி.

ரத்னாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

போலீசில் இடது கையால் புகார் எழுதிக் கொடுத்தாள். அடுத்த வாரம் எல்லோரும் ஏலகிரிக்குக் கிளம்பியபோது, மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவளும் கிளம்பினாள். அவள் வேனை ஐஸ்வர்யா ஓட்டினாள்.