கறை எடுக்கும் சைதூன்

மூக்கு கம்பளத்தில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, கண்ணை மூடி ஒரு மூச்சு இழுப்பார் சைதூன். நிமிர்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, என்ன கொட்டியது என்பதல்ல.

"கொட்டுனது இருக்கட்டும். அப்புறம் நீங்க என்ன செஞ்சீங்க, அதைச் சொல்லுங்க."

வீட்டுக்காரர்கள் விழிப்பார்கள். ஒருவர் வெந்நீர் ஊற்றியிருப்பார். இன்னொருவர் தேங்காய் நாரை வைத்துத் தேய்த்திருப்பார். "கறை பாவம், அதுபாட்டுக்குப் போயிருக்கும். நீங்கதான் கையைப் பிடிச்சு உக்கார வச்சிருக்கீங்க" என்பார் சைதூன்.

பேகம்பூரில் சனாவுல்லா என்பவரின் கடையில் பெட்ரோமாக்ஸ் விளக்கு, அண்டா, ஜமுக்காளம், கம்பளம் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். விசேஷ வீடுகளிலிருந்து திரும்பும் விரிப்புகளில் கறை எடுப்பது சைதூனின் வேலை. பதினேழு வருஷமாக இதுதான் செய்கிறார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான, உயரமான உருவம். நாளெல்லாம் வெற்றிலை மெல்லுகிறார்; சேலையில் ஒரு செம்புள்ளி கிடையாது.

அவருடைய சாக்குப் பையில் உள்ளவற்றை அவர் மருந்து என்றுதான் சொல்வார். எண்ணெய்க்குச் சாக்கட்டித் தூள். தூவி, ஒரு பகல் விட்டு, தட்டி எடுக்க வேண்டும். அதற்கும் மசியாத எண்ணெய்க்குப் பெட்ரோல். அந்தப் புட்டியைத் திறக்குமுன், "பீடி குடிக்கிற ஆம்பளைக எல்லாம் தெருவுக்குப் போங்க" என்று விரட்டிவிடுவார். மெழுகுக்கு மை ஒற்றும் தாளும் இளஞ்சூடான இஸ்திரிப் பெட்டியும். பழைய காப்பிக் கறைக்குக் கிளிசரின். எதுவானாலும் முதலில் கம்பளத்தின் அடிப்பக்க மூலையில் ஒரு சொட்டு விட்டு, நூறு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மேலே கை வைப்பார். துணி வெள்ளையாக இருக்க வேண்டும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்ற வேண்டும். தேய்க்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

சலவைச் சோடா மீது தனிக் கோபம். "கம்பளின்னா என்ன? ஆட்டு முடிதானே. ஒங்க தலைக்குச் சோடா போட்டுக் குளிப்பீகளா?"

ஒருமுறை மதுரையிலிருந்து வந்த விற்பனையாளர் ஒருவர், எல்லாக் கறைக்கும் ஒரே மருந்து என்று ஒரு புட்டியைக் கடையில் நீட்டினார். "நல்லதாப் போச்சு. மொதல்ல ஒங்க சட்டையில ஒரு சொட்டு விடுங்க தம்பி, பாப்போம்" என்றார் சைதூன். விற்பனையாளர் புட்டியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு நத்தத்துக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.

துக்க வீட்டு ஜமுக்காளங்களை அவர் அந்த வீட்டில் வைத்துப் பிரித்துப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டிலிருந்தும் அப்படித்தான் சுருட்டியபடியே எடுத்துப் போனார். எட்டு இடத்தில் காப்பி சிந்தியிருந்ததாம். பல மாதம் கழித்து நானாகக் கேட்டபோதுதான் சொன்னார். "அழுத கை நடுங்காதா? அதெல்லாம் ஒரு கறையா?"

போன வைகாசியில் பக்கத்து வீட்டில் நிச்சயதார்த்தம். அந்த வீட்டுப் பழனியம்மாளின் மகளுக்கு ஒட்டன்சத்திரத்து மாப்பிள்ளை. நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வர வேண்டும். இரண்டு மணிக்குப் பழனியம்மாளின் மருமகள் கண்ணம்மாள், கரைத்த மஞ்சள் கிண்ணத்தோடு தடுக்கி விழுந்தாள். வாடகைக்கு வாங்கிய வெள்ளைக் கம்பளத்தின் நடுவில் முறம் அகலத்துக்கு மஞ்சள். பதறிப்போய்ச் சவுக்காரத்தைப் போட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் சிவந்தது. கடைசியில் அசல் ரத்தம் மாதிரியே ஆகிவிட்டது.

எங்கள் இரு வீட்டுக்கும் பின்முற்றம் ஒன்று. கம்பளத்தை அங்கே இழுத்துப் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுத் துக்கத்தால் அந்த வருஷம் நான் விசேஷங்களுக்குப் போவதில்லை. என் வீட்டுப் பின்கதவில் நின்றிருந்தேன்.

"நிச்சயத்தன்னிக்கு நடுவீட்டுல ரத்தம்! இவ காலடி வச்ச நாள்லயிருந்தே இப்பிடித்தான்" என்றார் பழனியம்மாள். சுற்றி நின்ற பெண்கள் தலையாட்ட, அவரே தொடர்ந்தார்: "பேசாம இவளைப் பாலசமுத்திரத்துக்கு பஸ் ஏத்தி விடுங்க. நாலு நாள் அவ அம்மா வீட்டுல இருக்கட்டும். இந்த மொகம் இன்னைக்கு முன்னால வரவே வேணாம்." கண்ணம்மாள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி ஐந்து மாதம்தான்.

ஆள் போய்ச் சைதூன் வந்தார். குனிந்தார், மோந்தார், நிமிர்ந்தார்.

"சவுக்காரமா?"

கண்ணம்மாள் தலையசைத்தாள்.

"ஏக்கா, ஆரத்தி கரைக்கிறீகளே, மஞ்சத்தண்ணியில என்னத்தைப் போடுவீக?"

"சுண்ணாம்பு" என்றார் பழனியம்மாள், இதைப் போய்க் கேட்கிறாளே என்ற எரிச்சலோடு.

"போட்டா?"

"செவக்கும்."

"சவுக்காரமும் அதே வேலையத்தான் பாக்கும். நீங்க தாம்பாளத்துல கரைக்கிறதை இந்தப் புள்ள கம்பளத்துல கரைச்சிருச்சு. ரத்தமாவது, ஒண்ணாவது!"

யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். பழனியம்மாள் சிரிக்கவில்லை. "பேச்சு நல்லாத்தான் இருக்கு. செவப்பு போகணுமே."

சைதூன் இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தண்ணீர் கலந்தார். மூலையில் ஒரு சொட்டு விட்டு நூறு எண்ணினார். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்தார். பிறகு, அதுவரை நான் கண்டிராத ஒரு காரியம் செய்தார். துணியைக் கண்ணம்மாளிடம் நீட்டினார்.

"இந்தா ஆத்தா. ஒத்து. தேய்க்காத."

"நானா அக்கா? மறுபடியும்..."

"ஒத்துங்கிறேன்."

கண்ணம்மாள் மண்டியிட்டாள். துணி பட்ட இடத்தில் சிவப்பு அப்படியே விலகி மஞ்சள் எட்டிப் பார்த்தது. பெண்கள் நெருங்கி வந்தார்கள். ஒவ்வொரு ஒற்றலுக்கும் ஒரு விரல்கடை மஞ்சளானது. கால் மணி நேரத்தில் ரத்தம் இருந்த இடத்தில் வெறும் மஞ்சள்.

"இந்த மஞ்சளும் போயிருமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ரெண்டு நாள் வெயில்ல போட்டா வெயிலே தின்னுரும். இன்னைக்கு எதுக்குப் போகணும்? நிச்சயத்து வீட்டுல மஞ்சள் கெடந்தா யாரு கோவிப்பா?"

பழனியம்மாள் கம்பளத்தையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, எந்திரி. போயி மொகத்தைக் கழுவிட்டுப் பட்டுச் சேலையக் கட்டு. அவுக வாற நேரமாச்சு" என்றார் கண்ணம்மாளிடம். பிறகு சைதூன் பக்கம் திரும்பினார். "நல்ல வேளை, ஓங் கை பட்டுச்சு."

"எங் கை எங்கக்கா பட்டுச்சு?" என்ற சைதூன், எலுமிச்சை ஈரம் காயாத இரண்டு கைகளையும், சேலைமேல் போர்த்தியிருந்த துப்பட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.